இடித்த காரைச் சரிசெய்து வாங்கிய பிறகு கியர்பாக்ஸ் மக்கர் செய்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள்

விபத்தில் இடிபட்ட காரைப் பட்டறையில் விட்டு எடுத்த பிறகு கியர்பாக்ஸில் கோளாறு வந்தால், போய்க் கேட்டதும் கிடைக்கும் முதல் பதில் இதுதான்: "கியர்பாக்ஸை நாங்கள் தொடவே இல்லையே." தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் எத்தனையோ சாமான்களைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கிறது. எனக்கு நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். அடுத்து மாட்டிக்கொள்பவர்களுக்கு உதவும்.

என்னுடையது முன்சக்கரங்களால் ஓடும் ஆட்டோமேட்டிக் கார். முன்பக்க இடது மூலையில் அடி. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர், ரேடியேட்டர், அதைத் தாங்கும் சட்டம், பேட்டரி உட்காரும் தட்டு எல்லாம் மாற்றினார்கள். டிங்கரிங், பெயின்டிங் இரண்டிலும் குறை சொல்ல இடமில்லை. கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளிகூட மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இருந்தது.

ஓட்ட ஆரம்பித்ததும்தான் வித்தியாசம் தெரிந்தது. காலையில் கிளப்பி டி-யில் போட்டால் உடனே பிடிக்காது. ஓரிரு நொடி சும்மா நிற்கும், அப்புறம் டொம்மென்று உதைத்துக்கொண்டு பிடிக்கும். வளைவில் திரும்பிக்கொண்டே ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று ஏறும், வேகம் ஏறாது. நேரான சாலையில் அதே வண்டி ஒழுங்காகப் போகும். இந்த வளைவு விஷயம்தான் பிறகு பெரிய துப்பாக அமைந்தது.

வேலை செய்த பட்டறையில் "அது பழைய கோளாறு, விபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று முடித்துவிட்டார்கள். வேறொரு இடத்தில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று எஸ்டிமேட் எழுத உட்கார்ந்தார்கள். கோளாறு எண்ணைக் காட்டும் ஸ்கேனர்கூடப் போடவில்லை, வண்டியை லிஃப்டில் ஏற்றவும் இல்லை. அங்கிருந்து கிளம்பி, கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒருவரிடம் போனேன்.

அவர் லிஃப்டில் ஏற்றி, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றினார். அதன் உட்பக்கம் முழுக்க ஆயில். ஒரு ஓரத்தில் குளம்போலத் தேங்கி, மேலே தூசி படிந்து கிடந்தது. தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் இருந்ததற்குக் காரணம் அந்தத் தடுப்புதான். ஒழுகியதையெல்லாம் அது ஏந்திக்கொண்டிருக்கிறது. பல ஆட்டோமேட்டிக் கார்களைப் போல என் காரிலும் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ரேடியேட்டரை மாற்றும்போது அந்த ஆயில் குழாய்களைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியபோது கொஞ்சம் ஆயில் போனது. திரும்ப மாட்டும்போது பழைய கிளாம்ப்பையே போட்டு, அதுவும் குழாயின் நுனியில் சாய்வாக உட்கார்ந்திருந்ததால் மிச்சமும் கசிந்துகொண்டே போயிருக்கிறது.

அளவு பார்த்த விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள். இந்த வகை கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி (டிப்ஸ்டிக்) கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது ஓரத்தில் உள்ள போல்ட்டைத் திறக்க வேண்டும். பல வண்டிகளில் அந்தச் சூடு 35 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும், சரியான எண் அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். திறந்ததும் ஆயில் மெல்லிய நூலாக வழிந்தால் அளவு சரி. என் வண்டியில் ஒரு துளி வரவில்லை. ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றிய பிறகுதான் வழிய ஆரம்பித்தது. ஆயில் குறைவாக இருக்கும்போது வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அழுத்தம் விழுகிறது, உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. அதனால்தான் நேர் சாலையில் மட்டும் நல்ல பிள்ளையாக ஓடியிருக்கிறது.

ஸ்கேனரில் பி0700, பி0730 என்ற கோளாறு எண்கள் இரண்டும் இருந்தன. முதலாவது "கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார்" என்று சொல்வதோடு சரி. இரண்டாவதுதான் விஷயம்: போட்ட கியருக்கும் சுழலும் வேகத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, அதாவது வழுக்குகிறது. குழாயையும் கிளாம்ப்பையும் மாற்றி, அந்த வண்டிக்கு உரிய ஆயிலையே ஊற்றி, கணினி பழகிவைத்திருந்த பழைய கணக்கை அழித்து மறுபடி பழக விட்டதும் உதை நின்றது. எதையும் சரிசெய்வதற்கு முன்பே ஆயில் தேங்கிய தடுப்பு, சாய்ந்த கிளாம்ப், ஸ்கேனர் திரை எல்லாவற்றையும் படம் எடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்தில் ஒரு அறிக்கையும் வாங்கினேன். அதை வைத்த பிறகு முதல் பட்டறை செலவை ஏற்றுக்கொண்டது. வழுக்கிய காலத்தில் உள்ளே எவ்வளவு தேய்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அதற்கு ஈடும் கிடையாது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

*

உங்களுக்குக் கசிவோடு போயிற்று நண்பரே. எனக்கு ரேடியேட்டருக்கு உள்ளேயே உடைந்திருந்தது. அடிபட்ட வேகத்தில் உள்ளிருந்த ஆயில் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்துவிட்டன. பட்டறையில் ரேடியேட்டரை மட்டும் மாற்றி, கூலன்ட்டைப் புதிதாக ஊற்றி அனுப்பிவிட்டார்கள். கியர்பாக்ஸுக்குள் போன தண்ணீரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

வண்டி முதலில் மெதுவாக அதிர ஆரம்பித்தது, குறிப்பாக நிலையான வேகத்தில் போகும்போது. பிறகு ரிவர்ஸ் பிடிக்கவில்லை. ஆயிலை இறக்கியபோது வந்தது சிவப்பும் இல்லை, பழுப்பும் இல்லை, இளஞ்சிவப்பு நிறத்தில் நுரைத்த கெட்டிக் குழம்பு. தண்ணீர் கிளட்ச் பிளேட்டின் மேலிருக்கும் உராய்வுப் பட்டையை ஊற வைத்துவிடும், கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் அதை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும் என்று விளக்கினார்கள். பிரித்துப் பார்த்தால் பட்டைகள் தகட்டை விட்டுக் கழன்று, துண்டு துண்டாக ஃபில்டரில் அடைத்துக் கிடந்தன. முழு கியர்பாக்ஸும் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

முன்பக்கம் பலமாக அடிபட்டு ரேடியேட்டர் நசுங்கியிருந்தால், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே கியர் ஆயிலில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை அது.

*

நான் கியர்பாக்ஸ் வேலை செய்பவன். மேலே இருவர் சொன்னதும் என்னிடம் அடிக்கடி வரும் கேஸ்கள். இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில் எர்த் ஒயர். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு மின்தொடர்பு கிடையாது. அதற்காகத்தான் ஒரு தடித்த ஒயரோ பின்னலோ போட்டிருப்பார்கள். பேட்டரி தட்டை மாற்றும்போது அதைக் கழற்றுவார்கள், மாட்ட மறந்துவிடுவார்கள். அல்லது புதிதாக பெயின்ட் அடித்த இடத்தின் மேலேயே முறுக்கிவிடுவார்கள், பெயின்ட்டில் கரன்ட் போகாது. அப்புறம் சென்சார்கள் கண்டபடி கணக்குச் சொல்லும், வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு லிம்ப் மோடுக்குப் போகும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ள வேலையைக் குறைத்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட்டரை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. இதற்காக கியர்பாக்ஸையே மாற்றிவிட்டு, அப்போதும் கோளாறு போகாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. மனசு கஷ்டமாக இருக்கும்.

அடுத்து கியர் கேபிள். பல கார்களில் இது பேட்டரி தட்டுக்கு அடியில்தான் போகிறது. அதன் பிராக்கெட் கொஞ்சம் வளைந்தாலும் உள்ளே லீவர் டி-க்கும் என்-க்கும் நடுவில் நிற்கும். மீட்டரில் டி என்று காட்டும், உள்ளே பாதி அழுத்தம்தான் கிடைக்கும். கேபிளை அட்ஜஸ்ட் செய்தால் தீர்ந்துபோகிற விஷயம், கவனிக்காமல் ஓட்டினால் கிளட்ச் பிளேட் எரிந்துவிடும்.

மவுண்ட், சப்ஃபிரேம் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தாங்கு சட்டம்) இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓரத்தில் அடி விழுந்தால் சப்ஃபிரேம் சில மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். வெளியிலிருந்து தெரியாது, அளந்தால்தான் தெரியும். அது நகர்ந்தால் ஒரு பக்க ஆக்சிலுக்கு இடம் குறையும், மறுபக்கம் கூடும். குறைந்த பக்கத்தில் ஆக்சில் கியர்பாக்ஸை முட்டிக்கொண்டு நிற்கும், சீல் போகும், பேரிங் சத்தம் வரும். கூடிய பக்கத்தில் உள் ஜாயின்ட் நழுவப் பார்க்கும், வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங்கும் தரையும் சேர்ந்து அதிரும். மவுண்ட்டைச் சோதிக்க, பானெட்டைத் திறந்து, பிரேக்கை முழுசாக மிதித்தபடி ஒருவர் ஆர்-க்கும் டி-க்கும் மாற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கலாம். வண்டிக்கு நேர் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்து மாட்டியிருந்தால் அது தனிக் கதை. இரண்டையும் நேராக உட்கார வைக்கும் டவல் பின்கள் விட்டுப்போயிருக்கும். எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், பம்ப்பில் முழுசாக உட்காராமலே போல்ட்டை இறுக்கி இழுத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில வண்டிகள் கியர் மாற்றத்தை முதலிலிருந்து பழகும். கொஞ்ச தூரத்துக்கு லேசாக உதைப்பது சகஜம், தானாகப் போய்விடும். அதேபோல, ஆயில் கன்னங்கரேலென்று கருகிய வாடையோடு, விபத்துக்கு முன்பே மாற்ற வேண்டிய நிலையில் இருந்த வண்டிகளும் வருகின்றன. அந்தப் பழியைப் பட்டறை மேல் போடுவது நியாயமில்லை. ஆயில் நிறத்தையும் பழைய சர்வீஸ் பதிவையும் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

*

மேனுவல் வண்டிக்காரன் நான். முன்பக்கம் இடித்துச் சரிசெய்த பிறகு 3-வது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். சின்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) போய்விட்டது என்றார்கள். கடைசியில் கியர்பாக்ஸ் பக்க மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது. எஞ்சின் பின்னால் சாயும்போது கேபிளை இழுத்துக் கியரைக் கழற்றிவிட்டிருக்கிறது. மவுண்ட் மாற்றியதோடு சரி.

*

முதல் பதிவை எழுதியது நான்தான். இன்சூரன்ஸ் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், இங்கேயே எழுதிவிடுகிறேன். கோளாறு தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவியுங்கள், போனில் சொன்னது பதிவில் நிற்காது. முதல் எஸ்டிமேட்டில் இல்லாத சேதம் பிறகு தெரியவந்தால் அதையும் சேர்த்துக் கேட்க பல நிறுவனங்களில் வழி உண்டு. ஆனால் அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பதற்கு முன் கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது. எனக்கு உதவியது மாற்றிய சாமான்களின் பட்டியல் உள்ள பில். ரேடியேட்டர் மாற்றியது அதில் இருந்தது, கியர் ஆயில் வாங்கியதாக ஒரு வரிகூட இல்லை. ஆயில் குழாயைக் கழற்றாமல் அந்த ரேடியேட்டரை மாற்றவே முடியாது என்று மெக்கானிக் எழுதிக்கொடுத்த பிறகு எதிர்வாதம் எழவில்லை.

*

யாரும் சொல்லாத ஒன்று: இழுத்துக்கொண்டு போன விதம். என் கார் நான்கு சக்கரங்களாலும் ஓடும் ஆட்டோமேட்டிக். விபத்து நடந்த இடத்திலிருந்து முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போனார்கள். எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்ப் சுற்றாது. சக்கரம் மட்டும் சுற்றி உள்ளே இருப்பதை எண்ணெய் இல்லாமல் அரைக்கும். சரிசெய்து வந்த பிறகு கியர்பாக்ஸிலிருந்து ஊளைச் சத்தம். பட்டறையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், ஆனால் ஆயிலில் வந்த உலோகத் தூளைப் பார்த்த பிறகு இழுத்துப் போனதன் வேலை என்று தெளிவாகிவிட்டது. ஆட்டோமேட்டிக் வண்டி அடிபட்டு நின்றால், முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான லாரியைத்தான் கேளுங்கள். எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்க வந்தால் மறுத்துவிடுங்கள், ஏற்றியதை ஒரு படமும் எடுத்து வையுங்கள்.