‘சென்ட்’ என்றால் அனுப்புவது மட்டும்தானா?

ஈசூன்வாசி:
சிங்கப்பூர் வந்து ஆறு மாதம் ஆகிறது. நேற்று வேலை முடிகிற நேரத்தில் நல்ல மழை, மேலாளர் வந்து ‘ஐ சென்ட் யூ ஹோம்’ என்றதும் வேலையைவிட்டே அனுப்புகிறாரோ என்று வயிறு கலங்கிவிட்டது, அப்புறம் பார்த்தால் கார்க் கதவைத் திறந்து ஏறச் சொல்கிறார். இது சரியான ஆங்கிலமா?

தெம்பனிஸ் அக்கா:
பயப்படாதீங்க தம்பி, வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அர்த்தம். மலாயில் ‘ஹந்தார்’ என்ற ஒரே சொல் அனுப்புவதற்கும் கொண்டுபோய் விடுவதற்கும் வரும், சீனத்தில் ‘சோங்’ அதே மாதிரி. மகனைக் கையைப் பிடித்துப் பள்ளி வாசல்வரை கூட்டிப்போவதையும் நான் ‘சென்ட்’ என்றுதான் சொல்வேன்.

பழைய வாத்தியார்:
அக்கா சொல்வது சரி. ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘சென்ட்’ என்றால் பொதுவாக அனுப்புகிறவர் கூடப் போகமாட்டார். லண்டன்காரரிடம் ‘டிரைவ் யூ ஹோம்’ என்று சொல்லுங்கள். தமிழில் கடிதத்தை அனுப்புகிறோம், பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறோம், இரண்டும் வேறு வேறு. அதனால்தான் உங்களுக்கு இடறியது.

ஈசூன்வாசி:
நன்றி ஐயா. சாங்கி விமான நிலையத்தில் அம்மாவை ‘ஃபெட்ச்’ பண்ணப் போகிறேன் என்றால்?

பழைய வாத்தியார்:
அது பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் சரி. போய்க் கூட்டிவருவது.