ருவாண்டா 1994: ஐ.நா. படை அங்கேயே இருந்தும் ஏன் தடுக்கவில்லை?

தாமிரபரணிக்காரன்:
மகளுக்குக் கல்லூரியில் ருவாண்டா பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கூட உட்கார்ந்து நானும் படித்தேன், இரண்டு நாளாக மனசே சரியில்லை. ஹூட்டு இனத் தீவிரவாதிகள் சிறுபான்மை டுட்சி இனத்தவரைக் கொன்று குவித்திருக்கிறார்கள்: 100 நாளில் 5 முதல் 8 லட்சம் பேர், ருவாண்டா அரசின் கணக்கில் 10 லட்சத்துக்கும் மேல், பாதிக்கு மேல் வெட்டுக்கத்தியும் தடியும்தான் போலிருக்கிறது. அப்போது அங்கே ஐ.நா. அமைதிப்படையினர் சுமார் 2,500 பேர் இருந்திருக்கிறார்கள். முன்கூட்டியே யாருக்கும் தெரியாதா, தெரிந்தும் விட்டுவிட்டார்களா?

பழையபேப்பர்:
தெரியும் ஐயா. 1994 ஜனவரி 11-லேயே படைத்தளபதி ரோமியோ டலேர், கனடாக்காரர், நியூயார்க்குக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். தலைநகர் கிகாலியில் இருக்கும் டுட்சிகளைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள், 20 நிமிடத்தில் 1,000 பேரைக் கொல்லும் அளவுக்கு ஆட்கள் தயார் என்று உள்ளிருந்து ஒருவர் சொன்னதை அப்படியே எழுதி, பதுக்கிய ஆயுதங்களைப் பறிமுதல் செய்யப்போகிறேன் என்றார். உனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹப்யாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும் சாலைத் தடுப்புகள் முளைத்தன. அங்கே கேட்டது ஒன்றே ஒன்று, அடையாள அட்டை. பெல்ஜியர்கள் 1930-களில் கொண்டுவந்த அட்டை, அதில் ஹூட்டுவா டுட்சியா என்று அச்சாகியிருக்கும். ஹூட்டு தீவிரவாதிகளின் ஆர்.டி.எல்.எம். வானொலியோ டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

கடலோரம்:
கிகாலியில் இருந்த கிச்சுகிரோ தொழிற்பள்ளியைப் பற்றி மகளைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ஐ.நா. படையின் பெல்ஜிய வீரர்கள் முகாமிட்டிருந்த இடம் என்பதால் நம்பி வந்து தங்கியவர்கள் சுமார் 2,000 பேர். வெளியே கத்தியோடு கும்பல் காத்து நிற்கிறது. ஏப்ரல் 11 அன்று வெளிநாட்டவர்களை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு படையும் கிளம்பியது. ஜனங்கள் வண்டியை மறித்து, பிடித்துத் தொங்கிக் கெஞ்சியிருக்கிறார்கள். வண்டிகள் போனதும் கும்பல் உள்ளே வந்தது, அன்றே பெரும்பாலானவர்களைக் கொன்றார்கள். எத்தனை முறை படித்தாலும் என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

சாலமன்_மதுரை:
ஆனால் 2,500 பேரை வைத்து என்ன செய்திருக்க முடியும்? ஆயுதமும் போதாது. 10 பெல்ஜிய வீரர்களை ஏப்ரல் 7-லேயே கொன்றுவிட்டார்கள், முந்தைய ஆண்டு சோமாலியாவில் 18 அமெரிக்கர்கள் செத்திருந்தார்கள். எந்த நாடு ஆள் அனுப்பும்?

பழையபேப்பர்:
அனுப்பாதது ஒரு பக்கம், இருந்தவர்களையே குறைத்தார்களே! ஏப்ரல் 21, தீர்மானம் 912, இனி 270 பேர் போதும் என்று பாதுகாப்பு அவை முடிவெடுத்தது. கொலை செய்த அரசின் பிரதிநிதியும் அந்த ஆண்டு அதே அவையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார், அதாவது தங்களைத் தடுக்க யாரும் வரப்போவதில்லை என்று கிகாலிக்கு உடனுக்குடன் தெரிந்திருக்கும். அந்த முடிவை மீறி டலேர் 450 பேர் வரை வைத்துக்கொண்டார், அதில் கானா வீரர்கள் நிறைய, அவர்களால் பல ஆயிரம் பேர் பிழைத்தார்கள். செனகல் கேப்டன் ம்பாயே டியாங் கையில் ஆயுதமில்லாமலே ஒவ்வொரு தடுப்பிலும் பேசிப் பேசி நூற்றுக்கணக்கானவர்களைத் தாண்டவைத்துக் காப்பாற்றினார், மே 31-இல் குண்டுச் சிதறலில் இறந்தார். வானொலியையாவது முடக்குங்கள் என்றபோது ஒலிபரப்பை முடக்கும் விமானத்துக்கு மணிக்கு 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கல் வேறு என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தட்டிக்கழித்தது. இனப்படுகொலை என்று சொன்னால் 1948 இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கைப்படி ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பயத்தில், அமெரிக்க அரசினர் ஜூனில்கூட 'இனப்படுகொலைச் செயல்கள்' என்றுதான் சொன்னார்கள். மே 17-இல் 5,500 பேருக்கு அனுமதி கிடைத்தது, அந்தப் படை வந்து சேர்வதற்குள் ஜூலையில் ககாமேயின் ஆர்.பி.எஃப். என்ற டுட்சி கிளர்ச்சிப் படை நாட்டைப் பிடித்து கொலைகளை நிறுத்திவிட்டது.

கடலோரம்:
அப்புறம் அருஷா நீதிமன்றம், அதாவது ருவாண்டா குற்றங்களை விசாரிக்க ஐ.நா. தான்சானியாவில் அமைத்த நீதிமன்றம். தபா ஊரின் மேயர் அகாயேசு வழக்கில் முதலில் பாலியல் வன்கொடுமை குற்றச்சாட்டே கிடையாது. சாட்சி சொன்ன பெண்களே அதைச் சொல்ல, மேலும் கேட்டு வெளிக்கொண்டு வந்ததில் நீதிபதி நவநீதம் பிள்ளைக்குப் பெரிய பங்கு உண்டு, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளி. 1998 செப்டம்பர் 2 தீர்ப்பில்தான் வன்புணர்வும் இனப்படுகொலையாகலாம் என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முதலாகச் சொன்னது.

தாமிரபரணிக்காரன்:
மகளிடம் காட்டினேன், அந்தப் பள்ளியில் தப்பியவர்கள் யாராவது பிறகு பேசியிருக்கிறார்களா என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.