கடல் கல் வீட்டில் உப்பு பொரிகிறது, இடிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

கீழக்கரை மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். கீழக்கரையில் உம்மாவின் உம்மாவுக்குக் கல்யாணத்தின்போது கட்டிக் கொடுத்த வீடு. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பதால் அவரிடமிருந்து உம்மாவுக்கு வந்து, இப்போது லாத்தாவும் (என் அக்கா) நானும் வைத்திருக்கிறோம். சுவர் இரண்டடி கனம், கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்பும். மேலே பர்மா தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். நடுவில் முற்றம், சித்திரை வெயிலில்கூட மத்தியானம் அங்கே பாய் போட்டுப் படுக்கலாம்.

பிரச்சினை முன் கூடத்தில். பத்து வருடம் முன்னால் கீழே கொஞ்சம் ஈர ஓதம் தெரிகிறதென்று நான்கடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டினோம். இப்போது டைல்ஸ் நன்றாக இருக்கிறது, அதற்கு மேலே ஆளுயரத்துக்கு உப்பு பூத்து, பூச்சு மாவு மாவாக உதிர்கிறது. தினமும் காலையில் பெருக்கினால் ஒரு முறம் நிறைய வருகிறது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் கல்லே செத்துப்போச்சு, இடித்துவிட்டு பில்லர் போட்டுக் கட்டுங்கள் என்கிறார். என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், பணம் அனுப்பத் தயார். எனக்குத்தான் மனசு வரவில்லை. மனசை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் சிவில்:

தங்கச்சி, கல் சாகவில்லை. நீங்கள் சொன்னதிலேயே காரணம் இருக்கிறது. நம் கடலோரத்தில் நிலத்தடி ஈரம் உப்போடுதான் இருக்கும், பவளக்கல்லில் நுண்துளை அதிகம் என்பதால் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அதை மேலே இழுக்கும். முன்பு அந்த ஈரம் தரையிலிருந்து ஓரடி ஒன்றரையடிக்குள் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். சிமெண்டும் டைல்ஸும் அந்த வழியை அடைத்துவிட்டன, ஈரம் வெளியே வர இடம் தேடி மேலே ஏறியிருக்கிறது. அது காய்கிற இடத்தில் உப்பு படிகமாகி விரிந்து பூச்சைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அதனால் முதல் வேலை டைல்ஸையும் சிமெண்டையும் முழுக்கக் கொத்தி எடுப்பது. கல்லில் அடி விழாமல் சின்ன உளியால், பொறுமையாக. பிறகு சில மாதம் சுவரைத் திறந்தே விடுங்கள். வெளியே வரும் உப்பை உலர்ந்த தென்னந்துடைப்பத்தால் தள்ளி அள்ளி வெளியே போடுங்கள், தயவுசெய்து தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். ஆசிட், வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டும் கூடவே கூடாது. முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது, மாடிக் குழாய் சுவரோரம் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள், பாதி ஓதம் அங்கிருந்துதான் வரும்.

இன்னொன்று. மன்னார் வளைகுடா 1986லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டது, 2001ல் பவளப்பாறைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், அதனால் இனி கடலிலிருந்து பவளக்கல் எடுக்க முடியாது. சரியான முடிவுதான், அந்தக் கடலை நம்பித்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம். ஆனால் உங்கள் சுவரை இடித்தால் அப்படி ஒரு சுவரை இனி யாராலும் கட்ட முடியாது.

துபாய் காக்கா:

நானும் கீழக்கரைதான். 2008ல் இதே மாதிரி வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டினேன். கட்டும்போது போர்வெல்லில் வந்த உவர்த் தண்ணீரையே கலவைக்கு ஊற்றியிருக்கிறார்கள், நான் அங்கே இருந்து பார்க்கவில்லை. இன்றைக்குப் படுக்கையறைக் கூரையில் கம்பி துருப்பிடித்து ஊதி, உள்ளங்கை அகலத்துக்குக் காங்கிரீட் பெயர்ந்து தொட்டில் கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. பிள்ளை அப்போது உம்மாவிடம் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். வெயில் காலத்தில் ஏசி இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியவில்லை. பழைய வீட்டுக் கதவு நிலையை விற்ற பணம் வேன் வாடகைக்கே சரியாகப் போய்விட்டது. இடிக்காதீங்க தங்கச்சி.

மண்டபம் சிவில்:

காக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடலோரக் காங்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்கிற இந்தியத் தர விதி குறைந்தது எம்30 என்கிற வலிமைத் தரமும் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடலும் கேட்கிறது. நம் பக்கத்தில் வீடு கட்டும்போது யாராவது அளவுகோல் வைத்துப் பார்க்கிறார்களா? பார்க்காவிட்டால் புது வீட்டுக்கு ஆயுள் குறைவு.

உச்சிப்புளி கொத்தனார் மகன்:

அப்பா சுண்ணாம்பு வேலை செய்தவர், அவரோடு நின்று பழகியதைச் சொல்கிறேன். கடையில் விற்கும் வெள்ளையடிக்கிற பொடி ஆகாது. சுட்ட சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊற விடணும், வெண்ணெய் மாதிரி ஆகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல், கடல் மணலை வாசலிலேயே சேர்க்க வேண்டாம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைக் கலவையில் ஊற்றுவோம், கலவை பிடிமானமாக வரும், கருப்பட்டிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஒரே நாளில் கனமாக அப்பக் கூடாது, மெல்லிசாக ஒரு கை, அது இறுகியபிறகு அடுத்த கை. வெயில் நேராகப் படாமல் சாக்கு கட்டி, ஒரு வாரமாவது ஈரம் தெளித்து வரணும். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள், தை பிறந்ததும் ஆரம்பியுங்கள். முதல் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு சில வருடத்தில் உதிரலாம், அது உதிர்வது நல்லது, கல் தப்பிக்கும். திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

ராம்நாடு மருமகள்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பழைய வீட்டில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். கழிப்பறை கொல்லையில், வாசற்படி முழங்கால் உயரம், ராத்திரி மாமியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் நானே இரண்டு முறை விழுந்திருக்கிறேன். நாங்கள் முன்கட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் பனங்கை (பனைமரச் சட்டம்) போட்ட சமையல்கட்டை மட்டும் எடுத்துவிட்டு, அங்கே புதிதாக அடுக்களையும் குளியலறையும் கட்டினோம். குழாய் எதையும் பழைய சுவருக்குள் வெட்டிப் புதைக்கவில்லை, வெளியே தெரிகிற மாதிரியே ஓட்டினோம். புதுச் சுவருக்கும் பழைய சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டோம். அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வீடு இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை விதியையும் முதலில் நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

கீழக்கரை மகள்:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரா. மண்டபம் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு, கதவுக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இரண்டு டைல்ஸ் மட்டும் எடுக்கச் சொன்னேன். சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்து வந்தது, பின்பக்கம் தொட்டால் விரல் நனைகிறது. அதற்குள்ளே கல்லில் பூப் பூவாக வட்டங்கள், பவளத்தின் கண்கள் அப்படியே இருக்கின்றன, நகத்தால் சுரண்டினால் உதிரவே இல்லை. ஐந்து நாள் திறந்து விட்டேன், இன்று காலை அந்த இடம் மட்டும் உலர்ந்து, வெள்ளையாக நூல் மாதிரி உப்பு வெளியே நிற்கிறது. லாத்தாவுக்குப் படம் அனுப்பினேன், அவர் தைக்கு வருகிறாராம். உச்சிப்புளி தம்பி, உங்கள் வாப்பா இப்போதும் வேலைக்கு வருவார்களா? உட்கார்ந்து கை காட்டினால்கூடப் போதும், இங்கே இரண்டு இளம் கொத்தனார்கள் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள்.

உச்சிப்புளி கொத்தனார் மகன்:

கேட்டேன் அக்கா. தொட்டியை மார்கழிக் கடைசியிலேயே நிரப்பி வைக்கச் சொன்னார், வருகிறாராம்.