மாலத்தீவு சஃபாரி போட்டு (தங்கிக்கிட்டே டைவ் அடிக்கிற படகு): மண்டையை விட்டுப் போகாத ஒரு டைவ் சொல்லுங்க

முட்டம் வெளக்கு:

வாவு அட்டோல் (பவளத்தீவு வளையம்), மியாரு கந்து. கந்துன்னா அந்த வளையத்தை வெட்டிப் போற வாய்க்கால். பிப்ரவரி, காலை முதல் டைவ், கிழக்கு வாய், நீவாடு (கடல் நீரோட்டம்) உள்ளே ஓடுது. வெளிக்கடல்ல குதிச்சு, மிதப்புச் சட்டையான பிசிடியிலேருந்து காத்தை முழுசா வெளியேத்தி நேரா இறங்கி, கந்தோட உதட்டுல (வெளிவிளிம்புல) 28 மீட்டர்ல, நம்மளைக் கட்டின கயிறோட கொக்கியைப் பாறையில மாட்டி நின்னு சாம்பல் சுறா பார்க்கிறது. போனவங்களுக்குத் தெரியும்.

மண்டையில நிக்கிறது சுறா இல்ல, கொக்கியைக் கழட்டின நொடி. கூட்டத்துல ஒருத்தர் கயிறு விறைப்பா நிக்கட்டும்னு பிசிடியில காத்து கூட்டியிருந்தார். அது சரிதான், கொஞ்சம் மிதப்பு இருந்தாத்தான் பாறையில உரசாம பட்டம் மாதிரி நிக்கலாம். கழட்டுறதுக்கு முன்னாடி அந்தக் காத்தை விட்டிருக்கணும். விடல. 28 மீட்டர்ல 3.8 பார் அழுத்தம். அங்க 3 லிட்டரா இருக்கிற காத்து 5 மீட்டர்ல 7.6 லிட்டர். ஏற ஏற இன்னும் தூக்கும். 12 மீட்டர்ல பிசிடியோட கீழ்வால்வை இழுத்து நின்னுட்டார், ஆனா அதுக்குள்ள மத்தவங்க கந்துக்குள்ள போயாச்சு. 5 மீட்டர்ல தனியா 3 நிமிஷம் நின்னு, டியூப் (ஆள் இருக்கிற இடத்தைக் காட்ட மேல விடுற, காத்தடைச்ச மிதவைக் குழல்) விட்டு மேல வந்தார்.

1.8 மீட்டர் டியூப், புத்தம் புதுசு. ஈரத்துணி மாதிரி கடல் மேல படுத்துக் கெடந்தது. டோனியில (டைவ் ஆளுங்களை ஏத்தி இறக்குற துணைப் படகு) நாலு பேர் நின்னு தேடியும் 35 நிமிஷம் கண்ணுல படல.

குளச்சல் துறைமுகம்:

டியூப் ஏன் படுத்துதுன்னு கணக்குப் போட்டா தெரியும். 15 சென்டிமீட்டர் விட்டம், 1.8 மீட்டர் நீளம்னா உள்ளே 32 லிட்டர் கொள்ளும். 5 மீட்டர் ஆழத்துல 1.5 பார். அங்கேருந்து விட்டா கீழேயே 21 லிட்டர் அடைக்கணும். ஒரு மூச்சுல 3, 4 லிட்டர்தான் வரும். ஒரே ஊதல் ஊதி விட்டா மேல போய் 5, 6 லிட்டர் ஆகும், அஞ்சுல ஒரு பங்கு கூட நிரம்பாது. கோர்ஸ்ல சொல்லிக் குடுக்கிறது 'ஒரு ஊதல்'. அது சின்ன டியூபுக்குச் சரி.

ஆக்டோபஸை (உபரி ரெகுலேட்டர், மூச்சு விடுற வாய்க்கருவி) டியூப் வாய்க்கடியில புடிச்சு, அழுத்தி அழுத்தி மூணு நாலு தடவையா அடைக்கணும். இல்லன்னா அரைகுறையா அனுப்பிட்டு, மேல வந்ததும் மிச்சத்தை வாயால ஊதணும். ஸ்பூல் (டியூப் கயிறு சுத்தின உருளை) கையில சிக்கினா விட்டிரணும், டியூபோட சேர்ந்து ஆளும் மேல போகக் கூடாது.

இன்னொண்ணு, கொக்கியைத் தோள் வளையத்துல மாட்டினாரா? அங்க மாட்டினா ஒரு பக்கமா இழுத்துத் திருப்பும், முகம் நீவாட்டுக்குப் பக்கவாட்டுல வரும், மாஸ்க்குல தண்ணி ஏறும், ரெகுலேட்டர் தானா காத்தடிக்கும். இடுப்பு வளையம்தான் சரி. கயிறு ஒன்றரை மீட்டர் போதும்.

தூத்தூர் ஆழி:

கேட்டியளா, எல்லாரும் டியூபையே புடிச்சுத் தொங்குதிய. கந்துல நீவாடு உள்ள ஓடுதா வெளிய ஓடுதான்னு எறங்கும் முன்ன யாரு பாத்தா? முட்டத்துக்காரர் 'உள்ளே ஓடுது'ன்னு ஒரு வரியில முடிச்சுட்டார். அதுதான் கதையே.

வடகிழக்குக் காத்துக் காலத்துல வெள்ளம் கெழக்கேருந்து மேற்கே தள்ளும். அப்ப கெழக்கு வாயில வெளிக்கடல் தண்ணி உள்ள ஏறும், தெளிவா இருக்கும், சுறாவும் உதட்டுலயே நிக்கும். தென்மேற்குக் காலத்துல எதிர்மாறு. வெளிய ஓடுகப்ப உள்ளயிருக்க கலங்கல் அம்புட்டும் வரும், ஆளையும் வெளிக்கடலுக்கு இழுத்துட்டுப் போகும். இதுக்கு மேல அமாவாசை, பௌர்ணமிக்கு வேகம் கூடும். நல்ல கைடு முதல்ல ஒருத்தனை எறக்கி, ரெண்டு நிமிஷம் பாத்துட்டுத்தான் மத்தவனை எறக்குவான். பாக்கலன்னா எறங்காதிய.

எங்க ஊருல சுறாத் தூண்டில் போட்டவன் மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் நடுவுல இருக்க எட்டு டிகிரி சானல் தாண்டிப் போயி வந்தவன். மாலத்தீவுல 2010-ல சுறாப் பிடிக்கவே தடை போட்டாங்க. இப்ப அதே சுறாவைப் பாக்க லட்சக்கணக்குல குடுத்துப் போறிய. கொள்ளாம்.

தக்கலை கம்ப்ரசர்:

சுறா, நீவாடு, டியூப் எல்லாம் பேசியாச்சு. டாங்குக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் பேசல.

மாலத்தீவு சஃபாரியில பெரும்பாலும் கம்ப்ரசர் டோனியிலதான் இருக்கும், பெரிய போட்டுல சத்தம் வரக் கூடாதுன்னு. மத்தியானம் நங்கூரத்துல நிக்கும்போது டாங்கு நிரப்புவாங்க. ஒரு நாள் காத்து திரும்பிப் பின்பக்கத்துலேருந்து அடிச்சுது. ஜெனரேட்டர் புகை நேரா காத்து இழுக்கிற குழாய் வாய்க்கு வந்துச்சு. ரெண்டாவது டைவ் முடிச்சு வந்தவங்கள்ல மூணு பேருக்குத் தலைவலி, குமட்டல். 'கடல் ஒத்துக்கல' என்று இஞ்சி டீ குடுத்துட்டாங்க. டாங்கு வாயை லேசாத் திறந்து மோந்தா டீசல் வாடை.

காரணம் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாடை கிடையாது. கூட வர்ற புகைதான் நாறும். வாடை இல்லன்னா நல்ல காத்துன்னு நினைக்கக் கூடாது. ஐரோப்பியத் தரம் இஎன் 12021-படி சுவாசக் காத்துல அது 10 லட்சத்துல 5 பங்குக்கு மேல போகக் கூடாது. 30 மீட்டர்ல 4 பார் அழுத்தம், அதனால மேல 20 பங்கு இருந்தா கீழே 80 பங்கு மாதிரி வேலை செய்யும்.

ஃபில்டர்ல மூணு சரக்கு: ஈரத்தை இழுக்க மாலிகுலர் சீவ், எண்ணெய் ஆவிக்கும் வாடைக்கும் கரி, கார்பன் மோனாக்சைடை மாத்த ஹாப்கலைட். ஈரம் பட்டா ஹாப்கலைட் செத்துப்போகும், அதனால சீவ் தீர்ந்தா மொத்தமும் தீர்ந்த மாதிரி. ஃபில்டர் இத்தனை மணி நேரம் தாங்கும்னு புத்தகத்துல போட்டிருக்க கணக்கு 20 டிகிரிக்கு. எஞ்சின் பக்கத்துல 40 டிகிரி வெக்கையில அது பாதிக்கும் கீழே போயிரும். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி வடிக்கணும், ஆட்டோ வடிகால் இருந்தாலும் வேலை செய்யுதான்னு பார்க்கணும். குழாய் வாய் காத்து வர்ற பக்கம், கம்பத்து உசரத்துல இருக்கணும்.

அங்க செஞ்சது இவ்வளவுதான்: நிரப்பின 14 டாங்கையும் காலி பண்ணி, ஃபில்டர் மாத்தி, குழாயை மேல் கூரைக்கு ஏத்திக் கட்டினோம். மறுநாள் யாருக்கும் தலைவலி இல்ல.

நாகர்கோயில் செட்டிகுளம்:

தக்கலை அண்ணே, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டின காத்து) எடுத்தா இந்தத் தொல்லை இல்லையே? 32 சதவீத ஆக்சிஜன்ல 34 மீட்டர் வரை போகலாம்.

தக்கலை கம்ப்ரசர்:

நைட்ராக்ஸும் அதே காத்துலேருந்துதான் மெம்பரேன் (நைட்ரஜனைப் பிரிக்கிற சவ்வு) வழியா வருது மக்கா. புகை போனா அதுலயும் போகும். 34 மீட்டர் கணக்கு, ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பார்தான் எல்லைன்னு வெச்சுப் போட்டது, சரிதான். ஆனா மாலத்தீவுல பொழுதுபோக்கு டைவுக்குச் சட்டமே 30 மீட்டர்தான். அங்க 32 எடுக்கிறது ஆழத்துக்கு இல்ல, 25 மீட்டர்ல நிக்கிற நிமிஷம் கூடுறதுக்கு.

டாங்கை நீங்களே அளக்கணும். ஆக்சிஜன் மீட்டரை வெளிக்காத்துல 20.9 சதவீதத்துக்கு வெச்சுட்டு, வால்வை மெல்லத் திறந்து, எண் ஆடாம நிக்கும் வரை பொறுக்கணும். 32-ன்னு ஒட்டியிருந்த டாங்குல 36 காட்டினது உண்டு. 36-க்கு எல்லை 29 மீட்டர்கூடத் தொடாது. கந்து உதட்டுல கொக்கி போட்டு நிக்கிற ஆழம் அதுதான்.

குழித்துறை ஆத்தங்கரை:

சின்னது. அரி அட்டோல், 14 மீட்டர், மணல் திட்டு. ஒரு பெரிய கிளாத்தி, டைட்டன் கிளாத்திங்கிறாங்க, முட்டைக் குழியைக் காவல் காத்துக்கிட்டு நேரா பாய்ஞ்சு துடுப்பைக் கடிச்சுது. துடுப்பு நுனியில ரெண்டு பல் தடம். எல்லாரும் மேல நோக்கி ஓடினாங்க, அது விடாம வந்துச்சு. அதோட எல்லை குழியிலேருந்து மேல போகப் போக விரியுற கூம்பு. மேல போனா எல்லைக்குள்ளேயே இருக்கோம். பக்கவாட்டுல நீந்தினா விட்டுரும். துடுப்பை அது பக்கமா நீட்டிக்கிட்டே பின்னால போகணும்.

மார்த்தாண்டம் காது:

யாரும் கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன். ஒரு நாளைக்கு மூணு நாலு டைவ்னு ஏழு நாள் போறவங்களைச் சுறா கெடுக்கிறதில்ல, காது கெடுக்குது. நாலாம் நாள் காதுத்துளை வீங்கி, மடலைத் தொட்டாலே வலி. மிச்ச நாள் எல்லாம் மேல்தளத்துல படுத்திருக்க வேண்டியதுதான். காரணம், எப்பவும் ஈரமா இருக்கிறதுல காதுத்தோல் ஊறி, அதோட இயல்பான அமிலத்தன்மை போய், கிருமி ஏறுது. நம்ம ஊர்ல உடனே தேங்காயெண்ணெய் விடுவாங்க. புண்ணான காதுல விடாதீங்க, ஈரத்தை உள்ளேயே பூட்டிரும். பஞ்சுக் குச்சியும் வேண்டாம், தோலைக் கீறும்.

செய்ய வேண்டியது: காலையில முதல் டைவுக்கு முன்னாடியும் ராத்திரி கடைசி டைவ் முடிஞ்சும் 2 சதவீத அசிட்டிக் அமிலச் சொட்டு மருந்து. ஒரு காதுல விட்டு முழுசா 5 நிமிஷம் சாய்ஞ்சிருக்கணும், கடிகாரம் பாத்து. பிறகு அடுத்த காது. பாதிப் பேர் 20 விநாடியில எந்திரிச்சுருவாங்க, அதனாலதான் பலிக்கல. செவிப்பறையில ஓட்டை இருந்தா, ஏற்கெனவே வலி வந்துட்டா இது கூடாது. டைவுக்கும் டைவுக்கும் நடுவுல நல்ல தண்ணியில காதைக் கழுவித் துடைக்கணும். சளிக்கு மாத்திரை போட்டுட்டு இறங்குறவங்க கவனம்: பாதி டைவ்ல மருந்தோட வேகம் குறைஞ்சா ஏறும்போது சைனஸ் பூட்டிக்கும்.

பிளேன் விஷயம். பல நாள் பல டைவ்னா, கடைசி டைவுக்கும் பிளேன் ஏறுறதுக்கும் நடுவுல குறைஞ்சது 18 மணி நேரம், பெரும்பாலான போட்டுல 24 மணி நேர இடைவெளி விடுவாங்க. மாலேலேருந்து திருவனந்தபுரம் கிட்டத்தான்னு குறைக்கக் கூடாது. பிளேன் கேபின் அழுத்தத்துக்குப் பயண நேரம் ஒரு பொருட்டில்ல. அதே மாதிரி இறங்கின உடனே மூணாறுக்கு வண்டி ஏறாதீங்க. அதுவும் 1,500 மீட்டருக்கு மேல உசரம்.

முட்டம் வெளக்கு:

டாக்டர், நல்ல தகவல். ஆனா நான் காதைப் பத்திக் கேக்கல.

கருங்கல் சந்தை:

ரெண்டு லட்சம் குடுத்த போட்டு. கீழ்த்தள கேபின், ஆறு பேர். கட்டிலுக்கு மேல சதுர மூடி, அவசர வழி. ராத்திரி திறந்து பாத்தா மேல ஒருத்தரோட பெரிய பெட்டி உக்காந்திருக்கு. மூடி நாலு விரற்கடைதான் எந்திரிச்சுது. இன்னும் கண்ணுல அதுதான்.

2019 செப்டம்பர் 2, கலிபோர்னியாவுல சாண்டா குரூஸ் தீவுக்குப் பக்கத்துல கன்செப்ஷன்னு ஒரு டைவ் போட்டு ராத்திரி எரிஞ்சு 34 பேர் போனாங்க. எல்லாரும் கீழ்த்தளத்துல தூங்கினவங்க. இருந்த ரெண்டு வழியும் மேல ஒரே கூடத்துக்குத்தான் போச்சு, தீயும் அங்கதான். ராத்திரி சுத்தி வந்து பாக்கிற காவல் ஆள் இல்ல. முதல் நாளே நாலு பாருங்க: ரெண்டாவது வழி வேற இடத்துக்குத் திறக்குதா, கையால திறக்க முடியுதா, ராத்திரி யார் முழிச்சிருப்பா, டார்ச்சு கேமரா பேட்டரி எங்க சார்ஜ் போடுறாங்க. கேபின்லயோ தப்பிக்கிற வழியிலயோ போட்டா கழட்டச் சொல்லுங்க.

நாகர்கோயில் செட்டிகுளம்:

டியூபுக்கே வாரேன். ஆரஞ்சா மஞ்சளா? விசில் போதாதா?

குளச்சல் துறைமுகம்:

எஞ்சின் ஓடுற டோனியில விசில் கேக்காது. நிறத்தை விட வெளிச்சம் முக்கியம். காலையில கிழக்கு வாய்னா, டோனி அட்டோலுக்குள்ள நின்னா கேப்டன் சூரியனைப் பாத்து நிக்கிறான், எந்த நிறமும் கறுப்பாத்தான் தெரியும். ஒரு சின்னக் கண்ணாடி வெச்சிருந்தா பளிச்சுனு அடிக்கலாம். சாயங்காலம்னா டார்ச்.

தூத்தூர் ஆழி:

கறுப்பாத் தெரிஞ்சா நல்லதுதானேய்யா. நாங்க ஆழ்கடல்ல தூண்டில் போட்டுட்டு அடையாளத்துக்குக் கம்பு நடுவோம். நடுவுல மிதவை, கீழ கல்லு, மேல கறுப்புக் கொடி. வானத்துக்கு முன்னால கறுப்புதான் தூரத்துக்குத் தெரியும். அது நிமிர்ந்து நிக்கது கொடியால இல்ல, கீழ கெட்டுன கல்லால. டியூப் அடியில அரைக்கிலோ ஈயம் கெட்டுங்க, நிக்கும்.

குளச்சல் துறைமுகம்:

அரைக்கிலோ போதாது அண்ணாச்சி. அந்த டியூப் ஒரு மீட்டருக்கு 17, 18 லிட்டர் தண்ணியைத் தள்ளும். அரைக்கிலோ கெட்டினா அடியில மூணு சென்டிமீட்டர்தான் முங்கும், காத்து உடனே சாய்ச்சிரும். 4, 5 கிலோ இழுப்பு இருந்தா கால் மீட்டர் முங்கி நிமிரும். அவ்வளவு ஈயத்தை எவன் கூடச் சுமப்பான்? டியூபை முழுசா நிரப்பிட்டு, கீழ்நுனிக் கயிறை ரெண்டு கையாலயும் புடிச்சு, பிசிடி காத்தைக் கொஞ்சம் விட்டு உடம்பாலேயே தொங்கணும். டோனி திரும்பி நம்மளை நோக்கி வர்ற வரைக்கும் விடக் கூடாது.

தூத்தூர் ஆழி:

அப்ப ஆளுதான் கல்லு. சரி.