கொம்பும் சூரிய வட்டும் இருந்தால் ஐசிஸா, ஹாத்தோரா? எகிப்தியக் கடவுளரை அடையாளம் காண்பது எப்படி?

நீலத்தாமரை:
எகிப்தியக் கல்லறை, கோயில் சுவர்ப் படங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதி வருகிறேன். வல்லூறுத் தலை என்றால் ஹோரஸ், பெண்சிங்கத் தலை என்றால் செக்மெத், பசுக்கொம்பும் சூரிய வட்டும் என்றால் ஹாத்தோர் என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் சொல்கின்றன. ஆனால் இரண்டாம் ராமேசஸின் அரசி நெஃபர்தாரியின் கல்லறையில் அரசியைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் தேவிக்குக் கொம்பும் வட்டும் இருந்தும், நூல்கள் அவளை ஐசிஸ் என்கின்றன. எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள்? சித்திர எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் தப்பில்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

கல்லெழுத்து:
தலையை விடுங்கள், முதலில் பெயரைப் பாருங்கள். 18ஆம் வம்சக் காலத்திலிருந்தே (கி.மு. 16–13ஆம் நூற்றாண்டு) ஐசிஸ் ஹாத்தோரின் கொம்பையும் வட்டையும் தானும் சூடத் தொடங்கிவிட்டாள். எகிப்தைக் கடைசியாக ஆண்ட கிரேக்க வழி அரசர்களான தாலமிகள் காலக் கோயில்களுக்கு வந்தால் மகுடத்தை மட்டும் வைத்து இருவரையும் பிரிக்கவே முடியாது. நீங்கள் சொல்லும் கல்லறையிலேயே இதற்கு நேர்மாறான படமும் உண்டு. சூரியக் கடவுள் ரா-ஹோராக்திக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தேவியின் தலையில் இருப்பது மேற்குத் திசையின் குறி, எழுதியிருக்கும் பெயரோ ஹாத்தோர்.

பெயரைக் கண்டுபிடிக்க முழு எழுத்தும் தெரிய வேண்டியதில்லை. உருவத்தின் முகத்துக்கு முன்னாலோ தலைக்கு மேலோ செங்குத்துப் பத்திகள் இருக்கும். பல பத்திகள் ஒரு நாகத்தோடும் கைத்தடியோடும் தொடங்கும். ‘இன்னார் சொல்வது’ என்பதற்கான தொடக்கம் அது. அதை அடுத்துப் பெயர் வரும்.

ஐசிஸ் என்றால் உயரமான முதுகுள்ள ஓர் அரியணை, கூடவே அரைவட்ட ரொட்டி, பல இடங்களில் ஒரு முட்டை. ஹாத்தோர் என்றால் பெரிய செவ்வகத்துக்குள் நிற்கும் வல்லூறு. நெப்திஸ் என்றால் அதே மாதிரிச் செவ்வகம், மேலே ஒரு கிண்ணம். அமுன் என்றால் நாணல் இலை, காய்கள் வைத்த ஆட்டப்பலகை, நீரலை. இந்த நான்கைப் பழகிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு உருவங்கள் நெருக்கமாக நின்றால், நடுவில் உள்ள பத்தி யாருடையது? எழுத்துகளில் வரும் பறவையும் விலங்கும் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, அதே பக்கம் பார்க்கும் உருவத்துக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பத்தி சேரும். இதைக் கவனிக்காமல் அரசனுக்குரிய வரியைக் கடவுளின் தலையில் கட்டிய குறிப்புகள் ஏராளம்.

மணல்மேடு:
வல்லூறுத் தலைகளுக்கு மட்டும் மகுடம் ஓரளவு கைகொடுக்கும். வெள்ளையும் சிவப்பும் சேர்ந்த இரட்டை மகுடம் ஹோரஸ். நாகம் சுற்றிய சூரிய வட்டு ரா-ஹோராக்தி. வட்டோடு இரண்டு நெடிய இறகுகளும் இரட்டை நாகமும் மொந்து. பிறைக்குள் முழுநிலா கோன்சு. உடல் மம்மி போலச் சுற்றப்பட்டிருந்தால் சோக்கராக இருக்கலாம்.

ஆட்டுத் தலையில் கொம்பைப் பாருங்கள். பக்கவாட்டில் கிடையாக நெளிந்து நீண்டால் க்னும், காதைச் சுற்றிக் கீழே வளைந்தால் அமுன். மம்மி வடிவத்தில் ப்தாவும் ஓசிரிஸும் குழம்பினால் தாடி போதும்: ப்தாவுக்கு நேரான தாடி, ஓசிரிஸுக்கு நுனி வளைந்தது.

கல்லெழுத்து:
ஹோரஸுக்கு இரட்டை மகுடம் என்பது சரி, ஆனால் அமுனின் துணைவி முத்தும் அதையே சூடுவாள். மகுடத்தையும் தலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயன்.

பாப்பிரஸ்:
பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சூரிய வட்டான ஆத்தனை மட்டுமே வழிபட்ட 18ஆம் வம்ச அரசன் அக்நாத்தன் ஆட்சியில் அமுனின் பெயரைத் தேடித் தேடிக் கொத்தி எடுத்தார்கள், பின்னால் வந்த அரசர்கள் திரும்பச் செதுக்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பின்னணிக் கல் சுற்றுப்புறத்தைவிடப் பள்ளமாக இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அது நன்றாகத் தெரியும், நேர்வெளிச்சத்தில் மறைந்துவிடும். வண்ணம் மிஞ்சியிருந்தால் இன்னொரு துப்பும் உண்டு. அமுனின் உடல் நீலமாக இருந்தால், அக்நாத்தனுக்குப் பிறகு தீட்டியதாகவோ திருத்தியதாகவோ எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கத் தலைகளில்தான் அருங்காட்சியக அட்டைகளே அதிகம் தடுமாறுகின்றன. செக்மெத், முத், தெஃப்னுத், வாஜெத், பாஸ்டெட் எல்லாருக்கும் பெண்சிங்கத் தலை வரும். பாஸ்டெட்டைப் பூனையாகக் காட்டுவது கி.மு. முதல் ஆயிரத்தாண்டில்தான் பரவலானது. அதற்கு முன் அவளும் சிங்கமே. அக்நாத்தனின் தந்தை மூன்றாம் அமென்ஹோதெப் நிறுவிய நூற்றுக்கணக்கான கருங்கல் சிலைகள் செக்மெத் என்பதில் ஐயமில்லை. உட்கார்ந்த சிலையானால் கால்களின் இருபுறமும் அரியணையின் முன்பக்கத்தைப் பாருங்கள். ‘செக்மெத்துக்குப் பிரியமான’ அரசனின் பெயர் அங்கேதான் இருக்கும். கர்னாக்கில் முத் கோயிலில் உள்ள சிலவற்றில் 22ஆம் வம்ச அரசன் ஷோஷென்க் தன் பெயரைப் பிற்பாடு வெட்டியிருக்கிறான். அதை மட்டும் படித்துச் சிலையின் காலத்தைக் குறித்தால் நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிசகும்.

சின்ன வெண்கல உருவங்கள் தனி ரகம். அரியணையில் அமர்ந்த சிங்கத் தலைப் பெண், தலையில் வட்டும் நாகமும் என்றால் செக்மெத் என்று எழுதிவிடுகிறார்கள். பிற்கால வெண்கலங்களில் அது பல சமயம் புத்தோ நகரத்து வாஜெத். பீடத்தைச் சுற்றி எழுத்து ஓடும்: முதலில் தெய்வத்தின் பெயர், பிறகு ‘உயிர் தருக’, பிறகு காணிக்கை கொடுத்தவர் பெயர். பீடம் உடைந்துபோயிருந்தால் ‘சிங்கத் தலைத் தேவி’ என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. பூனைத் தலை, கையில் சலங்கைக் கருவி, முழங்கையில் கூடை, காலடியில் குட்டிகள் என்றால் தயங்காமல் பாஸ்டெட் என்று எழுதலாம்.

நீலத்தாமரை:
நன்றி. நான் குறிப்பு எழுத வேண்டிய பட்டியலில் கனோபிக் ஜாடிகளும் (மம்மியாக்கும்போது எடுத்த உள்ளுறுப்புகளை வைக்கும் ஜாடிகள்) இருக்கின்றன. மூடியில் மனிதன், பபூன், நரி, வல்லூறு. இவற்றையாவது தலையை வைத்தே எழுதிவிடலாமா?

கல்லெழுத்து:
அங்கேதான் மூடியை நம்பவே கூடாது. மூடி தனி, ஜாடி தனி. அகழ்விலும் சேமிப்பிலும் மாறிப் பொருத்தப்பட்டவை நிறைய. சில தொகுதிகளில் நரியும் வல்லூறும் அந்தக் காலத்திலேயே இடம் மாறியிருக்கின்றன. துட்டன்காமனின் ஜாடி மூடிகள் நான்குமே மனிதத் தலைகள். விலங்குத் தலைகள் வழக்கமானது 19ஆம் வம்சத்திலிருந்துதான்.

ஜாடியின் வயிற்றில் உள்ள பத்திகளைப் பாருங்கள். வழக்கமான வாசகத்தில் காக்கும் தேவியின் பெயரும் ஹோரஸின் நான்கு மகன்களில் ஒருவர் பெயரும் இரண்டுமே வரும். தேவி, மகன், உறுப்பு என்ற வரிசையில் சொல்கிறேன். தேவியைப் பிடிப்பது எளிது. அரியணை தெரிந்தால் ஐசிஸ்; அவள் பொறுப்பில் இம்செதி, கல்லீரல். கிண்ணம் வைத்த செவ்வகம் நெப்திஸ், ஹாப்பி, நுரையீரல். நைத் என்றால் துவாமுதெஃப், இரைப்பை. தேள் (பெரும்பாலும் கொடுக்கு இல்லாமல் வரைந்திருப்பார்கள்) செர்கெத், கெபெஹ்செனுவெஃப், குடல்.

21ஆம் வம்சத்தில் உறுப்புகளைப் பொதிந்து உடலுக்குள்ளேயே திரும்ப வைத்தார்கள். அதனால் அந்தக் காலத்து ஜாடிகளில் உள்ளே குடையாத வெறும் கல்லும் உண்டு. குறிப்பில் ‘குடல் வைத்த ஜாடி’ என்று எழுதுவதற்கு முன் உள்பக்கம் குடைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். படத்தில் தெரியாவிட்டால் ‘கெபெஹ்செனுவெஃப் ஜாடி’ என்பதோடு விடுங்கள்.