ஆன்டெனாவை இழுத்தால் டவர் கூடுமா, கூடாதா?

கோபாலபுரத்தான்:
இந்த மன்றத்தின் பக்கத்துத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பழைய மடக்கு போனில் இருந்த ஆன்டெனா வெறும் பந்தாவுக்கு. இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் டவர் ஒன்றுதான்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உலகத்தின் முதல் மடக்கு போனான மோட்டோரோலா ஸ்டார்டாக்கை 2002-லிருந்து நாலு வருடம் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தவன் நான். செக்போஸ்டுக்கு மேற்கே கேரளத்தில் வீடு, கொப்பரை வியாபாரம் பொள்ளாச்சியில், போனில் தமிழ்நாட்டு சிம். திண்ணையில் நின்று ஆன்டெனாவை இழுத்தால் ஒரு பாயிண்ட் மூன்று பாயிண்ட் ஆகும். கண்ணால் பார்த்தது.

பொள்ளாச்சிக்காரன்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். நான் வைத்திருந்த மடக்கு போனிலும் இழுக்கிற ஆன்டெனா இருந்தது. ஒரு மாதம் இழுத்துப் பேசினேன், ஒரு மாதம் இழுக்காமல் பேசினேன். ஒன்றுபோலத்தான் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கும்படி இழுத்துப் பேசியவர்களை எனக்கு நன்றாகவே தெரியும்.

கோபாலபுரத்தான்:
தம்பி, பொள்ளாச்சி டவுனில் டவர் தலைக்கு மேலே நிற்கிறது. அங்கே குடையை நீட்டினாலும் பேசலாம். எங்கள் தென்னந்தோப்புக்குள் வந்து சொல்லுங்கள். ஸ்டார்டாக் ஆன்டெனாவின் நுனியில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு தடித்த குமிழ் இருக்கும். அதற்குள் சுருள் கம்பி. ஆன்டெனா உள்ளே கிடக்கும்போது அந்தச் சுருள் மட்டும்தான் வேலை செய்யும். இழுத்தால் நீளக் கம்பி வேலைக்கு வரும். டவர் பக்கத்தில் இருந்தால் சுருள் போதும், தூரமென்றால் கம்பி வேண்டும். இதில் பந்தா எங்கே வந்தது?

மீனாட்சிபுரம்:
முதலில் ஒரு திருத்தம். முதல் மடக்கு போன் ஸ்டார்டாக் இல்லை. அதே கம்பெனியின் மைக்ரோடாக் 1989-லேயே வந்துவிட்டது.

கோபாலபுரத்தான்:
மைக்ரோடாக்கில் மடங்கியது பட்டனை மூடுகிற ஒரு தகடு. பெட்டிக்கு மூடி போட்டால் பெட்டி மடங்கியதாகிவிடுமா? 1996 ஜனவரியில் வந்த ஸ்டார்டாக்தான் இரண்டாக மடங்கியது. எடை 88 கிராம். பையில் இருப்பதே தெரியாது. சந்தைச் சத்தத்தில் மணி கேட்காது, அதிர்வு வைத்தால் நெஞ்சில் துடிக்கும். அந்தத் துடிப்பை நம்பித்தான் நான் வியாபாரம் பண்ணினேன்.

மீனாட்சிபுரம்:
தகடோ பலகையோ, மடங்கினால் மடக்கு போன்தான். 1989.

எல்லைக்கல்:
அண்ணா, நீங்கள் சொல்லும் மூன்று பாயிண்ட் எந்த மாநிலத்து டவருக்கு? ஆன்டெனாவை இழுத்தால் இரண்டு பக்கத்துச் சிக்னலும்தான் கூடும். எந்த டவரைப் பிடிப்பது என்று முடிவு செய்வது கம்பி இல்லை, போன். ஒருமுறை கேரளா டவரில் போய் உட்கார்ந்துவிட்டால் அது அறுகிறவரை, இல்லை போன் தானாகச் சொந்த நெட்வொர்க்கைத் தேடுகிறவரை அங்கேயேதான் கிடக்கும். எங்கள் வீட்டில் மெனுவுக்குள் போய் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைப்போம். அதற்கப்புறம்தான் வெளிமாநில டவருக்கு ரோமிங் காசு கட்டுகிற தொல்லை தீர்ந்தது.

கோபாலபுரத்தான்:
தங்கச்சி சொல்வது சரி, ஆனால் பாதிதான். சொந்த நெட்வொர்க்கைப் பிடி என்று கையால் வைத்தாலும், பிடிக்கச் சிக்னல் வேண்டாமா? எங்கள் வீட்டில் அடுக்களையில் கேரளா டவர், திண்ணையில் தமிழ்நாட்டு டவர். 2003-ல் சொந்த வட்டத்துக்குள், அதாவது தமிழ்நாட்டு டவரில், இன்கமிங் இலவசமாகிவிட்டது, ஆனால் ரோமிங்கில் எடுக்கிற ஒவ்வொரு அழைப்புக்கும் காசு. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், பையில் துடிக்கும். எச்சில் கையோடு திண்ணைக்கு ஓடி, கிழக்கே பார்த்து நின்று, ஆன்டெனாவைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, அந்த அழைப்பு அறுந்ததும் நானே திருப்பிக் கூப்பிடுவேன். நாலு வருடம். அந்தக் கம்பியில் என் பல் பட்ட தடம் இருந்தது. பந்தா பண்ணுகிறவன் பல்லால் இழுப்பானா?

பொள்ளாச்சிக்காரன்:
திண்ணைக்கு வந்ததால் டவர் கிடைத்தது. கம்பி இழுத்ததால் இல்லை. சுவருக்கு வெளியே வந்தால் எந்தப் போனுக்கும் கிடைக்கும்.

கோபாலபுரத்தான்:
திண்ணையில் நின்றுகொண்டே இழுத்தும் பார்த்தேன், தள்ளியும் பார்த்தேன். இழுத்தால் மூன்று, தள்ளினால் ஒன்று. எத்தனை முறை சொல்வது?

பனந்தோப்பு:
2004-ல் வந்த மோட்டோரோலா ரேசர் மடக்கு போனில் இழுக்க ஆன்டெனாவே கிடையாது. அதிலும் இந்த ஊரில்தானே பேசினோம்? பொள்ளாச்சிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கோபாலபுரத்தான்:
ரேசருக்கு ஆன்டெனா இல்லையா? கீழே தாடைபோலப் புடைத்திருந்ததே, அதற்குள்தான் இருந்தது. அந்தத் தாடையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் டவர் இறங்கும். கை மறைத்தாலே இறங்குகிறது என்றால், கம்பியைக் கையை விட்டு மேலே உயர்த்தினால் ஏறாதா?

பொள்ளாச்சிக்காரன்:
சரி, ஸ்டார்டாக் பெருமையை இத்தனை பேசுகிறீர்களே, 2006-ல் அதை என் மச்சானுக்கு 1,200 ரூபாய்க்கு விற்றதையும் எழுதுங்கள். மூன்றாம் வாரம் காது பக்கத்தில் சத்தமே இல்லை. கீலுக்குள் ஓடுகிற பட்டை வயர் அறுந்துவிட்டதென்று கடைக்காரர் சொன்னார். நாலு வருடம் திறந்து மூடித் தேய்ந்ததை இன்னொருவர் தலையில் கட்டினீர்கள்.

கோபாலபுரத்தான்:
கொடுக்கும்போது அவர் கையிலேயே வைத்துப் பேசிக் காட்டினேன், நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். பேச்சு முடிந்ததும் ஒற்றைக் கையால் பட்டென்று அடித்து மூடுவார் உங்கள் மச்சான். மூடினால் அழைப்பு கட்டாகிவிடும், அதற்காக அறைய வேண்டுமா? நான் இரண்டு விரலால் மூடுவேன். நாலு வருடமும் அந்தக் கீல் முனகியதில்லை.

பொள்ளாச்சிக்காரன்:
1,200 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை.

எல்லைக்கல்:
கம்பி பேச்சு எங்கே போயிற்று?

மீனாட்சிபுரம்:
1989. மைக்ரோடாக். இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கோபாலபுரத்தான்:
வந்துவிட்டது, மேலே போய்ப் படியுங்கள். பொள்ளாச்சிக்காரரே, அந்தப் போன் இன்னும் மச்சான் வீட்டில் இருந்தால் வியாழக்கிழமைச் சந்தைக்கு எடுத்து வாருங்கள். காது வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை, திரையில் பாயிண்ட் தெரிந்தால் போதும். பேட்டரி நான் தேடித் தருகிறேன்.

பொள்ளாச்சிக்காரன்:
எடுத்து வருகிறேன். நீங்கள் 1,200 ரூபாயை எடுத்து வாருங்கள்.