கோலாலம்பூரில் அறை எடுக்கும்போது: விளம்பர வாடகைக்கு வெளியே போகும் காசு

கேட்டவர்
பேராக், கெடா பக்கமிருந்து முதல் வேலைக்கு இங்கே வரும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). சேமநிதியான இபிஎஃப் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, அப்புறம் சொக்சோ, இஐஎஸ் என்ற தொழிலாளர் காப்புறுதிச் சந்தாக்கள் எல்லாம் போனால் கையில் நிற்பது ஏறக்குறைய 1,500. அறை 700 என்று பார்த்ததும் மீதி 800 இருக்கே என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 800 எங்கே போகிறது? தொகையோடு எழுதுங்கள். சிக்கனமாக இரு என்ற அறிவுரையை வீட்டிலேயே கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

செந்தூல்வாசி
முதல் மாதம்தான் பெரிய அடி. முழு வீடு என்றால் வழக்கம்: இரண்டு மாத டெப்பாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதன்மேல் முதல் மாத வாடகை. 1,500 வெள்ளி வீட்டுக்குச் சாவி வாங்க 3,000 + 750 + 1,500, ஆக 5,250. மூன்று பேர் பிரித்தாலும் ஆளுக்கு 1,750. ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூட. அறைக்கு மட்டும் என்றால் பல இடங்களில் ஒரு மாத டெப்பாசிட்டோடு விடுவார்கள். இது வழக்கம்தான், பேசிக் குறைக்கலாம். கட்டடத்துக்குள் நுழையும் எக்சஸ் கார்டுக்குத் தனிப் பணம் உண்டா, கார் நிறுத்த இடம் வாடகையில் சேர்ந்ததா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு. ஓராண்டு வரைக்கும் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. ஓராண்டைத் தாண்டி மூன்றாண்டு வரை 3 வெள்ளி. முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025இல் போய்விட்டது. 1,500 வாடகை என்றால் ஆண்டுக்கு 18,000; ஓராண்டு ஒப்பந்தத்துக்கு வரி 72, இரண்டாண்டுக்கு 216. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் இணையத்தளத்தில் கட்டவேண்டும், தாமதித்தால் அபராதம். ஏஜென்ட் “சட்டச் செலவு” என்று மொத்தமாக ஒரு தொகை கேட்டால், அதில் முத்திரைக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேட்டவர்
72 வெள்ளிதானே என்று முத்திரை குத்தாமல் விடுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்களே?

செந்தூல்வாசி
டெப்பாசிட் திரும்பி வராத அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. முத்திரை இருந்தால் 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறையில் வக்கீல் வைக்காமலே கேட்கலாம்.

கெப்போங் வயர்மேன்
மின்சாரத்துக்கு வருகிறேன். 2025 ஜூலையில் வீட்டுக் கட்டணம் மாறியது. எரிசக்தி, மின்நிலையக் கொள்ளளவு, கம்பிவடம் என மூன்றுக்குமான கட்டணம் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். குறைவாகப் பயன்படுத்தினால் அதிலிருந்து கழிவு: 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் குறையும், அதாவது 200 யூனிட்டுக்கு 39 வெள்ளிக்குள்தான். யூனிட் ஏற ஏறக் கழிவு சுருங்கி, 1,000க்கு மேல் அறவே இல்லை. கவனிக்கவேண்டிய கோடு 600. அதைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி ‘ரீட்டெய்ல்’ கட்டணமும், தாண்டிய பகுதிக்குச் சேவை வரியும் சேரும்.

வாடகை வீட்டில் சிக்கல் இங்கேதான். நாலு அறை, நாலு ஏர்கான், ஒரே மீட்டர். 1 எச்பி (குதிரைத்திறன்) ஏர்கான் ஓடும்போது சுமார் 0.8 கிலோவாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 6 யூனிட்டுக்கு மேல், மாதம் 190. நாலு பேர் போட்டால் ஏர்கான் மட்டுமே 600ஐத் தாண்டிவிடும். காற்றாடியோடு படுப்பவரும் சமமாகப் பங்கு கட்டுவார், அதில்தான் சண்டை வரும். இன்வெர்ட்டர் என்றால் அறை குளிர்ந்த பிறகு இழுப்பு இறங்கும்.

சில வீட்டுக்காரர்கள் அறைக்கு அறை துணை மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே விலை வைப்பார்கள். 60 சென் என்றால் அந்த 190 யூனிட்டுக்கு 114 வெள்ளி. விலையைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சர்வீஸ் அப்பார்ட்மென்ட், சோஹோ (வீடும் அலுவலகமுமான சிறு யூனிட்) வகை என்றால் போன மாத டிஎன்பி மின்சார பில்லையும் தண்ணீர் பில்லையும் காட்டச் சொல்லி, வீட்டுக் கட்டணமா வணிகக் கட்டணமா என்று பாருங்கள்.

எல்ஆர்டி பயணி
மை50 என்ற மாதப் பயணப் பாஸ் மைகாட் (மலேசிய அடையாள அட்டை) உள்ளவர்களுக்கு மட்டும். 50 வெள்ளிக்கு 30 நாள். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பஸ், ஃபீடர் பஸ் எல்லாம் அடக்கம். மாதம் 22 நாள் போய்வந்தால் ஒரு தடவைக்கு 1.14 வெள்ளிதான். கேடிஎம் கொமுட்டர் ரயில் மட்டும் இதில் சேராது. செந்தூலில் எல்ஆர்டியும் உண்டு கொமுட்டரும் உண்டு. விளம்பரத்தில் “ரயில் நிலையம் பக்கம்” என்று மட்டும் போட்டிருந்தால் எந்த ரயில் என்று கேளுங்கள். பத்துமலைப் பக்கம் வாடகை 100 வெள்ளி குறைகிறதே என்று போனால் கொமுட்டருக்குத் தனிக் காசு. “நடந்து ஐந்து நிமிடம்” என்பது வரைபடத்தில் நேர்கோடு போட்ட கணக்காக இருக்கும். நடுவில் ஹைவே குறுக்கிட்டால் மேம்பாலம் எங்கே என்று பார்க்க ராத்திரியில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

சமையற்கட்டு அக்கா
“லைட் குக்கிங்” என்று போட்டிருந்தால் மேகி வேகவைக்கலாம், சோறு வடிக்கலாம், அவ்வளவுதான். தாளிப்பும் சம்பாலும் கிடையாது! சமைக்க விடுகிற அறைக்கு 50 வெள்ளி கூடக் கொடுத்தாலும் லாபம். வேலை நாளில் இரண்டு வேளை வெளியே, வேளைக்கு 10 வெள்ளி என்றாலே 22 நாளுக்கு 440 ஆச்சு. உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி, பாக்கெட் எண்ணெய் கிலோ 2.50. ஆனால் நாம் தேடுகிற பொன்னி இறக்குமதி, அதற்கு இந்த விலை இல்லை தம்பி.

பங்சார் பக்கம்
கசப்பான ஒன்று. சில விளம்பரங்களில் எந்த இனத்தவர் வேண்டும் என்று எழுதியிருக்கும், சிலவற்றில் எழுதாமல் மனதில் வைத்திருப்பார்கள். வீடு பார்க்கக் கிளம்புமுன் வாட்ஸ்அப்பில் “நான் இந்தியர், பரவாயில்லையா” என்று கேட்டுவிட்டால் பயணக் காசாவது மிஞ்சும்.

செந்தூல்வாசி
வீட்டைப் பார்க்காமல் “புக்கிங்” பணம் அனுப்பவே கூடாது. வீட்டு வரிப் பில்லில் உள்ள பெயர், ஒப்பந்தத்தில் உள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர், மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும். கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டு, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997க்கு அழையுங்கள்.

குடியேறும் நாளில் மீட்டர் எண், சுவர், மெத்தை, ஏர்கான், குழாயடி எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். ஏர்கான் கழுவும் செலவு யாருடையது, நோட்டீஸ் ஒரு மாதமா இரண்டு மாதமா, பாதியில் போனால் டெப்பாசிட் முழுதும் போகுமா என்ற மூன்றும் எழுத்தில் இருக்கவேண்டும். கடைசி மாத வாடகையை டெப்பாசிட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், அதையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.